பழுது வரும்வரை

எனக்கு முன் மூன்று பேர் பார்த்துவிட்டார்கள் இந்தப் பஜிரோவை.
ஒருவர் டீசல் பில்டரை மாற்றினார்.
ஒருவர் பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பி
எண்பத்தையாயிரத்துக்கு ஒரு துண்டு கொடுத்தார்.
மூன்றாமவர் பொனெற்றையே திறக்கவில்லை:
"அக்கா, கிளச்சை வெள்ளணவே விடுறியள் போல."

வேலணை மிருக வைத்தியர் தர்மினி
கோண்டாவிலுக்கு, என்னிடம், கொண்டுவந்து நிறுத்தியபோது
முப்பது வயசு இஞ்சின்
பால் குடித்த கன்று போல ஒரே சீராய் நின்றது.

"நிக்கும். சொல்லாமல் நிக்கும்.
பத்து நிமிசம் விட்டால் தானாய் வெளிக்கிடும்.
இவர் ஓடினால் நிக்காது."
கடைசி வசனத்தை
டயரைப் பார்த்துச் சொன்னா.
பிறகு சிரித்தா: "மாடும் இப்பிடித்தான்.
நான் போய் இறங்கினால் எழும்பி வைக்கல் தின்னும்."

நான் சாவியை வாங்கவில்லை. கேட்டேன்:
எத்தனை மணிக்கு? வெயிலா, மழையா?
விக்கி விக்கி நிற்குதா, வெட்டினாப்போலயா?
"வெட்டினாப்போல."
விக்கினால் டீசல் பட்டினி.
வெட்டினால், எங்கோ ஒரு கை விட்டுவிட்டது.

பம்பின் தலையில் பெருவிரல் அளவில் ஒரு குமிழ்.
பன்னிரண்டு வோல்ட் வரும்வரை டீசலுக்குக் கதவு திறந்திருக்கும்;
வராவிட்டால் பூட்டும்.
அவ்வளவுதான் அதன் அறிவு.
அதற்குப் போகும் வயரை இழுத்தேன், வளைத்தேன், உலுக்கினேன்.
பன்னிரண்டு புள்ளி நாலு என்றது மீற்றர்.
மீற்றரும் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது.

மோட்டச்சைக்கிள் சிக்னல் பல்பு ஒன்றை
அந்த முனையில் தொடுத்து உள்ளே எடுத்து
டாஷ்போட்டில் கறுப்பு ரேப்பால் ஒட்டினேன்.
"இது அணைஞ்சு இஞ்சின் நிண்டால் கரண்ட்.
எரிய எரிய நிண்டால் டீசல்."

திங்கள் நிற்கவில்லை.
செவ்வாய் புங்குடுதீவு மட்டும் போய்வந்தா, நிற்கவில்லை.
"இண்டைக்கும் இல்லை, தம்பி" என்று
ஏதோ தன் பிழை போலக் கோல் எடுத்தா.
நோயாளி சுகமாயிருக்கிறதே என்று கவலைப்பட
ஊரில் நாங்கள் இரண்டு பேர்.

புதன், உச்சி வெயில், நானும் ஏறினேன்.
இரண்டாம் கியரிலேயே விடச்சொன்னேன், சூடேறட்டும்.
பண்ணைக் கடல் இரு பக்கமும் தகரமாய் மினுங்க
களங்கட்டித் தடிகளில் நீர்க்காகங்கள் செட்டை காயவிட்டிருக்க
பின்னால் மினிபஸ் ஹோண் அடித்துத் திட்ட
நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்:
நில்லு. நில்லடா. தயவுசெய்து நில்லு.

பல்பு ஒருக்கால் சிமிட்டியது.
அணைந்தது.
ஒரு மூச்சுக்குப் பிறகு இஞ்சின்.

டயர் உருளும் சத்தம். அதுவும் ஓய்ந்தது. காற்று.
ஸ்டியரிங்கில் இரு கையாலும் அடித்தா தர்மினி:
"கண்டியளோ! கண்டியளோ!"
ஏழு மாதம் யாரும் நம்பாத ஒன்று
நடுக்கடலில் செத்துக் கிடந்தது.
அவ அதைப் படமெடுத்து
அப்போதே வீட்டுக்கு அனுப்பினா.

சைலன்சர் குழாயருகே வளையும் இடத்தில் உரித்தேன்.
மேற்தோலில் ஒரு கீறல் இல்லை.
உள்ளே செம்பு முழுக்க உப்பேறிப் பச்சைப்பொடி;
மிச்சம் ஒரேயொரு நூல்.
உச்சிச் சூட்டில் தோல் நீள அது கைவிடும்.
பொழுதுபட்டுக் குளிர்ந்தால் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.
நகுலேசர் வாகனத்தைத் தொடுவது
பொழுதுபட்ட பிறகுதான்.

பில்லில் எழுதினேன்: வயர், ஒரு அடி.
அடுத்த வரியில் என்ன எழுத? யோசித்து
"பார்த்துக்கொண்டிருந்ததற்கு" என்றெழுதி
ஒரு தொகை போட்டேன்.
அவ பேரம் பேசவில்லை.
பல்பை மட்டும் கழற்ற விடவில்லை: "இருக்கட்டும்."

நேற்று மத்தியானம் கோல்.
பல்பு அணைந்துவிட்டதாம்.
பயத்தில் பாலத்து நடுவில் ஓரங்கட்டி நிற்கிறாவாம்.
"இஞ்சின்?"
"அது ஓடுது."