மூன்றாவது காசு

கடைசி ஏழு நிமிசம் இருக்கக் கரண்ட் போனது.
மல்லாவிச் சந்தி அப்படியே இருண்டது.
டிலக்சனின் டயர்க் கடைக்குள் மட்டும்
ஒரு மடிகணினி
நாலு முகங்களை நீலமாய் வைத்திருந்தது.
பற்றரி பதினொரு வீதம்.
மூச்சு விட்டாலும் சார்ஜ் குறையும் என்பதுபோல
இருந்தோம்.

காவ்ரின் பாலத்திலிருந்து விழுந்தான்.
நிழல்களுக்குக் காவல் நின்றவன்,
மூன்று சீசனாய் எங்களோடு கிடந்தவன்.
அவன் விழுந்தான்,
அவனுடைய நிழல் விழவில்லை.
பாலத்தில் நின்றபடியே தலையைத் திருப்பி
எங்களைப் பார்த்தது.
பெயர்கள் ஓடத் தொடங்கின.
பற்றரி இரண்டு.

"ஆள் முடிஞ்சுது" என்றான் டிலக்சன்.
"நடிகன் சம்பளம் கூடக் கேட்டிருப்பான். அனுப்பிவிட்டாங்கள்."

"விசர்க்கதை கதையாத" என்று
கஜானி அவன்மேல் பாய்ந்தாள்.
"ரெண்டாம் எபிசோட்டில அந்தக் குருட்டுப் பெடியன்
கிணத்துக்க மூண்டு காசு போட்டவன்.
சத்தம் ரெண்டுதான் கேட்டது.
மூண்டாவது எங்க?"

"சவுண்ட் போடுறவன் மறந்திருப்பான்."

"அவங்கள் மறக்கமாட்டாங்கள்."
வற்றாப்பளையில் கடல்தண்ணியில் விளக்கெரியும் என்று
சொல்லும்போது அவளுக்கு வரும் அதே முகம்.

நான் எழுதிக்கொண்டேன்.
உரக்கணக்கு எழுதுகிற சீஆர் கொப்பியின் பின்பக்கம்,
யூரியா இரண்டு அந்தர் கடன் என்பதற்கு நேர் பின்னால்:
ஊகம் பதினேழு. காசு விழவில்லை.

வவுனிக்குளக் கட்டால் இரண்டு மோட்டார் சைக்கிளில் திரும்பினோம்.
பாதி வழியில் கொப்பு முறிகிற சத்தம்.
லைற்றை நூர்த்தோம், எஞ்சினையும்.
நாற்பது யார் தள்ளி, றோட்டுக்குக் குறுக்கே,
அவசரமே இல்லாமல் ஒரு யானை.
வெடிப்பெட்டி சுடர்வண்ணனின் பையில்,
பின்னேர மழையில் ஊறிப்போய்.

நுளம்பு அடிக்கக்கூடப் பயம்.
ஆனால் கஜானிக்கு வாய் நிற்காது.
குசுகுசுத்தாள்:
"அந்த நிழலுக்கு இடக்கையில மோதிரம்.
காவ்ரினுக்கு வலக்கை.
அப்ப அது அவன்ர நிழல் இல்லை."
"கண்ணாடி மாதிரி மாறித் தெரியும்" என்றேன் நான்.
"நிழல் என்ன கண்ணாடியோ?"
"பொத்துங்கோடி, அது காதை ஆட்டுது."

யானை காதைத்தான் ஆட்டியது.
நிலவில் அதன் நிழல்
கட்டுச் சரிவால் இறங்கித்
தண்ணீரில் முன்னங்கால் வைத்திருந்தது.

சுடர்வண்ணன் அதுவரை ஒன்றும் பேசவில்லை.
"உடம்பைக் காட்டேல்லையெல்லோ" என்றான்.
"இந்த மாதிரிக் கதையளில
உடம்பைக் காட்டாட்டில் ஆள் சாகேல்லை.
அதுதான் சட்டம்."
பிறகு, இன்னும் மெதுவாய்:
"எங்கட அண்ணையின்ரயையும் காட்டேல்லை."

டிலக்சன் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றான்.
என் கணுக்காலில் ஒரு நுளம்பு
ஆறுதலாய்க் குடித்தது.
"சரி, அதை விடு" என்றான் சுடர்வண்ணனே.
"காசைச் சொல்லு. கிணத்துக்க ஆரும் நிண்டு
ஏந்தியிருந்தால்?"

அதை நாங்கள் யோசித்திருக்கவில்லை.
கஜானி "ஐயோ" என்று கத்தியே விட்டாள்.
யானை திரும்பிப் பார்த்தது,
எங்களிடம் தனக்கு ஒன்றுமில்லை என்பதுபோல்
காட்டுக்குள் போனது.

அடுத்த வியாழன் பாலமே வரவில்லை.
வேறொரு நாடு, யாருக்கும் தேவையில்லாத ஒரு கலியாணம்,
ஐம்பத்திரண்டு நிமிசமும் பந்தியில்
ஆர் எங்கே இருப்பது என்ற சண்டை.
டிலக்சன் டேற்றாக் காசைத் திருப்பிக் கேட்டான்.
"நிப்பாட்டு" என்றாள் கஜானி.
பெண்ணின் தோளுக்குப் பின்னால், தூணருகில்,
பொத்தின கையோடு ஒருவன்.
"அது தூணின்ர வேலைப்பாடு."
"கை."
"தூண்."
பெருப்பித்தோம்.
முகம் கலைந்தது, விரல் கலைந்தது,
கடைசியில் சாம்பல் நிறச் சதுரங்கள்தான் மிஞ்சின.

"இன்னும் கொஞ்சம் பெருப்பி" என்றான் சுடர்வண்ணன்.