தொட்டது யார்

ஆ செங் கடையில் கேட்டபோது
'ரெண்டு விளக்கு, ஒரே பெட்டி, பிரிச்சுத் தரமாட்டேன்' என்றான்.
நூற்று எழுபது வெள்ளி.
அந்தக் காசுக்கு பஹாவ் பசார் மாலாமில்
ஒரு மின்விசிறியும் பத்து நாள் மீனும் வரும்.

கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு.
ஒன்று எனக்கு.
மற்றதைக் கருவாட்டுக்கும் முறுக்குக்கும் நடுவே
பழைய கைலியில் சுற்றி
ரியாத்துக்கு அனுப்பினேன்.

இங்கே நான் தொட்டால்
அங்கே குணவதியின் விடுதி அறையில் ஆரஞ்சு.
அவள் தொட்டால் இங்கே நீலம்.
அவ்வளவுதான் தெரியும் அதற்கு.
சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரியாது,
பொய் சொல்லவும் தெரியாது
என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் மாதம் பைத்தியம் பிடித்தவர்கள்போல் தொட்டோம்.
பல் விளக்குமுன் ஒருமுறை.
சோறு பொங்கி வழியும்போது ஓடிவந்து ஒருமுறை.
செம்பனைக் குலை லாரி மேட்டில் திணறும்
அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும் என்பதால்
அப்போது ஒருமுறை.
ஐந்து மணி நேர வித்தியாசம்.
எண்ணினால் ஒரு கை சரியாகத் தீர்ந்துபோகும்.

மழை வந்தால் வாய்ஃபை போகும்.
முட்டை வெறும் முட்டையாக உட்கார்ந்திருக்கும்.

இன்னும் இரண்டு வருடத்துக்குக்
கையெழுத்துப் போட்டுவிட்டு
அப்புறம் எனக்குச் சொன்னாள்.
நானும் ஒன்று சொன்னேன்.
அதை இங்கே எழுதப் போவதில்லை.
ஏழு நாள்
ஆரஞ்சும் இல்லை, நீலமும் இல்லை.

எட்டாம் நாள் காலை
ஆலை வாசல் ஒட்டுக்கடையில்
தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க
அவள் குரல் வந்தது கைப்பேசியில்:

'ராத்திரி பத்து மணிக்குத் தொட்டியே,
மூணு தடவ.
நின்னு நின்னு,
மன்னிப்பு கேக்கத் தெரியாதவன் மாதிரி.
வாயத் தொறந்து சொன்னா என்னவாம் உனக்கு?'
அப்புறம் மூக்கைச் சிந்தும் சத்தம்.
அதற்குள்ளேயே ஒரு சிரிப்பு.

அங்கே பத்து என்றால் இங்கே விடிகாலை மூன்று.
மூன்று மணிக்கு நான்
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன
தங்கராசுவுக்குப் பதிலாக
காதில் பஞ்சடைத்துக்கொண்டு
கொதிகலன் முன்னால் நின்றிருந்தேன்.
வீடு பூட்டியிருந்தது.
சாவி என் சட்டைப்பையில்.

மோட்டாரை விரட்டி வந்து கதவைத் திறந்தேன்.
எல்லாம் வைத்தது வைத்தபடி.
விளக்கின் உச்சியில் மட்டும்
அரிசி அளவில் ஒரு கறுப்பு எச்சம்,
நுனியில் வெள்ளை.
மேலே, காலண்டருக்குப் பின்னால்,
உள்ளே இழுபடும் ஒரு வால்.

தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால்,
இடது பாதத்தில் விழுந்தால்
என்னென்ன பலன் என்று
அந்தக் காலண்டரின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது.
தேடிப் பார்த்தேன்.
விளக்கில் விழுந்தால் என்று எதுவும் போடவில்லை.

பேச எடுத்து, விட்டு,
மறுபடி எடுத்து,
கடைசியில் எழுதி அனுப்பினேன்:
'ஆமா.'
இரண்டே எழுத்து.

அதற்குப் பிறகு
விளக்கைச் சுற்றி வரும் ஈசலை நான் விரட்டுவதில்லை.
துடைப்பம் எடுத்தால் அந்தச் சுவரை விட்டுவிடுகிறேன்.
வீட்டுக்கு இன்னோர் ஆள் வந்ததுபோல
பார்த்துத்தான் சன்னல் சாத்துகிறேன்.

நேற்று இரவு எனக்கு ஓய்வு.
மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
அறை நீலமாயிற்று.
நின்றது. மறுபடி நீலம்.
எழுந்து உட்கார்ந்து
கண்ணைக் கசக்கிய பிறகுதான் நினைவு வந்தது,
இந்த வாரம் முழுக்க குணவதிக்கு
இரவு வேலை என்று.

ரியாத்திலும் பல்லி உண்டா
என்று கேட்க நினைத்தேன்.

கேட்கவில்லை.
கையை நீட்டி
பதிலுக்குத் தொட்டேன்.