ஒரு சோறு பதம்

டர்பனில் பிப்ரவரி.
துறைமுகத்திலிருந்து மேடேறி வரும் காற்றை
ஒரு முழம் வெட்டிப் பிழிந்தால் வாளி நிறையும்.
ஆஸ்பத்திரிக் கூரையில் என் இயந்திரங்கள்
இரவெல்லாம் அதைத்தான் பிழிகின்றன.
குளிர்ந்த செம்புச் சுருளில் காற்றை உரசவிட்டு
நீரைச் சொட்டவைத்து
பிறகு இதமாய்ச் சூடேற்றி
வார்டுகளுக்கு அனுப்புகின்றன.
இருபத்திரண்டு டிகிரி. ஐம்பது விழுக்காடு ஈரம்.
இந்த இரண்டு எண்களுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பதினோரு இரவுகளாக
சரியாக இரண்டே முக்காலுக்கு
திரையில் நான்காம் தளம் சிவக்கிறது.
ஈரப்பதம் எண்பத்தெட்டு.
உடனே குளிர்நீர் வால்வு முழுசாய்த் திறக்கிறது,
சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையாக.
பதிவை மட்டும் படிப்பவர்
கடலே லிஃப்டில் ஏறி வந்துவிட்டதென்று நினைப்பார்.

முதலில் கடலைத்தான் நானும் சந்தேகப்பட்டேன்.
ஜன்னல் ரப்பரை மாற்றினேன்.
வடிகாலைக் குத்தினேன்,
பாசி வந்தது, ஒரு செத்த பல்லி வந்தது.
மின்வெட்டு முடிந்து ஜெனரேட்டர் கைமாறும் நேரமோ என்று
அட்டவணையோடு ஒப்பிட்டேன். இல்லை.
புது சென்சாருக்கு என்ன விலை என்று
மேலாளர் ஃபூரீ கேட்டார்.
பழையது பொய் சொல்லவில்லை என்றேன்.
எப்படித் தெரியும் என்றார்.
பொய்க்கு இவ்வளவு நேரந்தவறாமை இருக்காது.

பன்னிரண்டாம் இரவு
ஏணியோடு நானே போய் உட்கார்ந்தேன்.
எலும்பு முறிவு வார்டு.
முப்பத்தாறு கட்டில், மூக்குவரை இழுத்த முப்பத்தாறு போர்வை.
ஏழாம் கட்டிலில் தொடை முறிந்த மீன்காரர்
நனைந்த கடற்கரையை விட இது மோசம் தங்கச்சி
என்று பல் கிட்டச் சொன்னார்.

இரண்டு நாற்பத்து மூன்று.
இரவுத் தாதி தோபெக்கா வந்தாள்,
இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு போர்வை.
அலமாரி மீது கெட்டிலை வைத்துப் பொத்தானை அமுக்கினாள்.
ஆவி நிமிர்ந்து எழுந்தது.
ஒரு சாண் மேலே சுவரில்
வெள்ளைப் பெட்டிக்குள் என் சென்சார்
ஆழ மூச்சிழுத்தது.

இந்நேரத்தில் தேநீரா என்றேன்.
குளிர் கொல்கிறது, என்றாள்,
மூன்று மணியானால் இந்த வார்டு பிணவறை.

குளிருக்காகத் தேநீர்.
தேநீரால் குளிர்.
அவள் கப்பைக் கையால் பொத்திக்கொள்ள
கூரையில் வால்வு திறந்து
அடுத்த கப்புக்கான குளிரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்.
அந்த ஒரு சோறு
பானைக்கு வெளியே அடுப்பில் விழுந்த சோறாயிருந்தால்?

ஆனால் முழுப் பழியும் கெட்டிலுக்கில்லை.
பிழிந்த காற்றைத் திரும்பச் சூடாக்கும் வால்வு
துருவேறி மூடிக் கிடந்தது.
எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது;
அதற்கு யாரும் சிவப்பு விளக்கு வைக்கவில்லை.
ஜூன் மாதப் பராமரிப்புப் படிவத்தில்
அந்த வரிக்கு எதிரே 'சரி' என்றொரு டிக்,
கீழே வி. படையாச்சி.
என் கையெழுத்து இவ்வளவு அழகாயிருக்கும் என்று
எனக்கே தெரியாது.

சென்சாருக்கு நான்கு திருகு.
கழற்றி, காற்று திரும்பும் வாய்க்குப் பக்கத்தில் மாட்டினேன்.
வால்வுக்கு இரண்டு நாளும்
ஒரு நகமும் ஆயிற்று.

இப்போது இரண்டே முக்காலுக்கு
நான்காம் தளம் நேர்க்கோடு.
அவள் தேநீர் போடுகிறாளா, விட்டுவிட்டாளா,
திரைக்குத் தெரியாது.
பழக்கதோஷம், அந்த நேரத்துக்கு நான் மட்டும்
நிமிர்ந்து பார்க்கிறேன்.

நேற்று ஒரு புகார்ச் சீட்டு வந்தது.
நான்காம் தளம். வார்டு ஒரே புழுக்கம்.
ஒப்பம்: தோபெக்கா.
திரையில் இருபத்திரண்டு. ஐம்பது.
அந்த ஸ்வெட்டர்களை அவள் இன்னும் கழற்றவில்லை போலிருக்கிறது.

ஏணியை எடுத்தேன்.
என் கப்பையும்.