நாலாம் கை

விக்னா கனடாவுக்குப் போனதால்தான்
என்னைக் கூப்பிட்டார்கள்.
அதை ஒருவரும் மறைக்கவில்லை.
"ஒரு கை குறையுது, வாறீரே?"
பருத்தித்துறை ஆசுபத்திரி, தாதியர் விடுதி,
இரவு பத்தரை, கரண்ட் இல்லை,
ஜன்னலுக்கு வெளியே கடல் தன் பாட்டில்.

நான் வந்து ஐந்து மாதம்.
அதற்குள் எல்லாம் கேட்டு முடித்திருந்தார்கள்.
எவடம்?
அப்பா என்ன செய்யிறார்?
சைவமோ, வேதமோ?
இஞ்சை ஆரும் சொந்தமோ?
பண்டாரவளை என்றேன்.
ரவுனோ என்றதற்கு
ரவுன் பக்கம் என்றேன்.
அது பொய்யில்லை,
பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம்.
குளியலறைக் கண்ணாடியில் "ஓம்" பழகியிருந்தேன்.
"ஆமா" மட்டும் வாய்க்குள் கிடந்து புரளும்.

தாள் குலுக்கியது யூடித், குருநகர்.
குலுக்குமுன் இரண்டிலிருந்து ஆறு வரை
பிடுங்கி ஒரு பக்கம் போட்டாள்.
"இதுகள் விளையாட்டுக்கில்லை."
போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்நூற்று நாலு
தெரியும் என்று சொல்லிவைத்திருந்தேன்.
லயத்தில் அண்ணன்மார் ஆடியது ரம்மி,
அதுவும் என்னை விரட்டிவிட்டு.
எதிர்க்கை தர்மினிக்கு
என் முழியிலேயே விளங்கிவிட்டது.
"ராசாவுக்கு மூண்டு, ராணிக்கு ரண்டு,
ஒன்பதுக்கு இருபது.
சிப்பாய்க்கு முப்பது, அவனுக்கு மேலை ஆளில்லை."
ராசாவை விடச் சிப்பாய் பெரிதா?
"இஞ்சை அப்பிடித்தான்."
இஞ்சையா என்று
நான் திருப்பிக் கேட்கவில்லை.

"கேளும்."
என்ன கேட்க?
"எவ்வளவு கேக்கிறீர் எண்டுறன்.
நூற்றறுபதோ, கூடவோ?"
ஐந்து மாதத்தில் முதல் தடவையாக
கேட்கும் முறை எனக்கு.
அந்த வெறியில் நூற்றெண்பது கேட்டேன்.
தர்மினி கண்ணை மூடிக்கொண்டாள்.
ஆடுத்தன் ஒன்பதைத்
துரும்பாகக் கவிழ்த்து வைத்தேன்
ஒருவர் கண்ணும் படாமல்.

நாலாவது சுற்றில் தொண்டை வறண்டது.
"சாயத்தண்ணி ஊத்தவா?" என்றேன்.

மெழுகுதிரி அசையவில்லை.
கோமளாதான் முதலில்:
"எங்கடை வட்டக்கச்சிக் காணியிலை
முந்தித் தோட்டக்காட்டு ஆக்கள்..."
அவ்வளவில் நிறுத்திக்கொண்டாள்.
மீதி வசனம் நாலு பேருக்கும் நடுவில்
தாள்களோடு கிடந்தது.
என்னிடம் அப்போது ஒரு பதிலும் இல்லை.
கையில் இருந்ததெல்லாம்
ஒரு ஏழும் இரண்டு எட்டும் ஒரு ராணியும்.

"துரும்பைத் திறவுமப்பா," என்றாள் யூடித்,
"வெட்டுறீரோ, இல்லையோ?"

திறந்தேன்.

இருபத்தாறு குறைந்து தோற்றோம்.
ஒதுக்கிப் போட்ட தாள்களை யூடித் இழுத்தெடுத்தாள்.
எண்ணிக்கை வைக்க அவைதானாம்.
எங்கள் பக்கமிருந்த ஆறுகளில் இரண்டு
அவர்கள் பக்கம் போயின.
பிறகு சின்ன வெங்காயத்தை நூலில் கட்டி
தர்மினி காதில் இரண்டு, என் காதில் இரண்டு.
"விக்னா இதோடைதான் பிளேன் ஏறினவ,"
என்றாள் யூடித், அது நிச்சயம் புளுகு.

கோமளா எழும்பிப்போய்
நாலு கோப்பையோடு வந்தாள்.
"இந்தாரும், சாயத்தண்ணி,"
'சா'வைக் கொஞ்சம் நீட்டி.
கேலியா, சமாதானமா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
சீனி கூடிப்போயிருந்தது.
குடித்தேன்.

காலை ஏழு மணி, பெண்கள் வார்ட்.
பதினோராம் கட்டிலுக்குச் சேலைன் மாற்றக் குனிந்தபோது
அந்த மனுசி என் இடது காதைப் பிடித்தாள்.
"என்ன மிஸ் இது, வெங்காயம்?"
கழற்ற மறந்த ஒன்று.
"தோத்துட்டேன்" என்றேன்,
எங்கள் ஊர்த் தமிழிலேயே.
"முந்நூற்று நாலோ? எவ்வளவு கேட்டனீர்?"
"நூற்றெண்பது."
"கையிலை என்னத்தை வைச்சுக்கொண்டு?"
"ஒன்பதும் ஏழும் எட்டும்..."
"விசர்ப் பிள்ளை," என்று சொல்லி
ஊசி ஏறிய கையை மெல்ல நகர்த்தி
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.