நாற்பது டன் வெட்கம்

சீட்டுக்கு அடியில் கிரீஸ் துணியில் சுற்றி
ஆறு புத்தகங்கள். ஏழாவது மடியில்.
லாரி வர இருபது நிமிடம்.
பக்கெட்டைத் தரையில் கவிழ்த்து எஞ்சினை அணைத்தால்
அருமனைக் குவாரியில் சத்தமே இல்லை,
மேலே தோட்டத்தில்
ரப்பர்க் காய் வெடிப்பது தவிர.

வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும் இதை.
தெரியாமல் முதல் வாரம்
சாவில் தொடங்கிப் பிறப்பில் முடித்தேன்.
செத்துப்போன மேஜர்
மூன்றாம் பக்கத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.
'எடே, ரிவர்ஸ் கியர் போடு' என்றாள் ஜெனிலா.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள்.
மாலையில் ஜப்பான் மொழி வகுப்பு;
ஒசாகாவில் முதியோரைக் குளிப்பாட்ட ஆள் எடுக்கிறார்களாம்.
பாடத்துக்கு வாங்கிய படக்கதையில்
பேச்சுக் குமிழிகளுக்குப் பக்கத்தில்
பென்சிலால் தமிழ் எழுதுவாள்.
பள்ளிக்கூடத் தமிழ் இல்லை, நம்ம தமிழ்.

ஆகவே நாற்பது டன் இரும்பு மனிதன்
எதிரியின் கோட்டை வாசலில் நின்று
'வெடி வைக்காதீங்கடே,
முட்டுக்குள்ள ஒரு பூச்சை பெத்துக் கிடக்கு' என்கிறான்.
இரண்டு படையும் கூடிக் குட்டிகளை எண்ணுகின்றன.
ஐந்து. ஒன்றுக்குக் கண் திறக்கவில்லை.
போர் வியாழக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.
நான் சிரித்த சிரிப்பில்
கம்ப்ரசர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

அடுத்த பக்கமே வியாழக்கிழமை.
திறந்த வாய் மூடுவதற்குள் ஒரு பாலம் விழுகிறது.
எட்டுக் கட்டத்தில் ஒரு சொல் இல்லை.
இரும்பு மனிதனின் இடது கை பிய்ந்து
தோளில் ஹைட்ராலிக் குழாய்கள் தொங்குகின்றன.
வரைந்தவனுக்கு இயந்திரம் தெரியும்.
குழாய் எங்கே வெடிக்கும்,
எண்ணெய் எந்தப் பக்கம் பீய்ச்சும், எல்லாம் சரி.
எனக்கு வெடித்திருக்கிறது.
முழங்கையில் இந்தத் தழும்பு அதுதான்.

உள்ளே இருந்து ஓட்டும் லெப்டினன்டுக்கு
இருபது வயது. நினைவு தெரிந்ததிலிருந்து ராணுவம்.
நெஞ்சு அடித்துக்கொள்வதைப்
பழுதுப் பதிவேட்டில் எழுதுகிறான்:
'இரவு 11.40. மெக்கானிக் ஸ்பானர் தந்தார். விரல் பட்டது.
இயந்திரத்தின் வெப்பம் சரி.
ஓட்டுநரின் வெப்பம் சரியில்லை.
உதிரிபாகம் தேவை.'
அந்த மெக்கானிக் பெண் ஒவ்வொன்றின் கீழும்
'பரிசோதித்தேன், கோளாறு இல்லை' என்று
கையெழுத்துப் போடுகிறாள்.
ஆறு புத்தகமாக இதேதான்.

'முந்நூறு பேர் செத்த எடத்தில என்னடே காதல்'
என்று கேட்டான் டிப்பர் ஓட்டும் ரெஜி.
'சாகாதவங்க பின்ன என்ன செய்வாங்க' என்றேன்.
பதில் சொல்லாமல் புத்தகத்தை வாங்கி
நின்றபடியே பதினோரு பக்கம் படித்தான்,
தப்பான பக்கத்திலிருந்து.

ஏழாவதில், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. மழை.
இரும்பு மனிதன் மண்டியிட்டு
உள்ளங்கையை விரிக்கிறான். அதில் அவள் நிற்கிறாள்.
லெப்டினன்ட் மூடியைத் திறந்து தலையை நீட்டி
என்னவோ சொல்கிறான்.
பெரிய குமிழி, நான்கே எழுத்து.
பக்கத்தில் பென்சில் இல்லை.
அழித்த தடம் இருக்கிறது.
வெயிலில் சாய்த்துப் பிடித்தால்
ஒரு 'எ', ஒரு கொம்பு, ரப்பர்த் துகள்.

கடைக்குப் போய்க் கேட்டேன்.
'அதுக்கு எனக்குத் தமிழ் வரல்ல. நீ எழுது'
என்று யாருடைய ஆதார் அட்டையையோ
இரண்டு பக்கமும் எடுத்தாள்,
பிறகு கேட்காமலே இன்னொரு தடவையும் எடுத்தாள்.
பதினெட்டாம் தேதி இன்டர்வியூவாம்.

இந்தக் கைகள் இரண்டு லீவரில்
கோழிமுட்டையை உடைக்காமல் தூக்கும்.
போன ஓணத்துக்குப் பந்தயத்தில் தூக்கினேன்,
நூறு பேர் கைதட்டினார்கள்.
இப்போது ஒரு பென்சில்.
குமிழிக்குள் ஒரு புள்ளி வைத்துவிட்டுக்
கால்மணி நேரமாக அதைப் பார்க்கிறேன்.

கீழே ஹாரன். ரெஜி.
அவசரமாக எழுதினேன்:
'பகல் 2.15. டீசல் சரி. பிரேக் சரி. ஓட்டுநர்'

அதற்கு மேல் கிரீஸ் விரல் பட்டுக் கறை.

கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்,
எந்தப் பக்கமிருந்து வருவாள் என்று தெரியாததால்
வலத்திலும் இடத்திலும்.