படிவம் இல்லை

சாட்ஸ்வொர்த்தில், பேவியூ மேட்டில்,
எங்கள் வீட்டு மீட்டரில்
பதினான்கு மாதமாக எண் நகரவில்லை.
வெர்னன் முந்நூறு ராண்ட் கொடுத்து
டிக்கியைக் கூப்பிட்டுச் செய்த வேலை.
ஒரு விரல் நீளச் செம்புக்கம்பி,
அவ்வளவுதான்.
செருப்பு ஆலை மூடிய வருடம் அது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கீசர் சுட்டது.
கேட்காதவளுக்கும் சுட்டது.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில்தான்.
ஏழு பேர், ஒரு ஹீட்டர், இரண்டு குழல்விளக்கு.
போதகர் சைரஸ் தோரசாமி
எட்டாவது கட்டளையைக் கடக்கும்போது
கொஞ்சம் இருமினார். சளிதான்.
எனக்கு மட்டும்
யாரோ கதவைத் தட்டியது போலிருந்தது.
எழுந்துபோய்த் தேநீர் போட்டேன்.

இரவில் பத்தையும் விரல் மடக்கி எண்ணுவேன்.
எட்டாவது விரல் சரியாக மடங்காது.
தையல் ஆலையில் ஊசி ஏறிய விரல்.

மேலே இருக்கிறவன்கள் கோடிகளில் எடுக்கிறான்கள் என்று
வெர்னன் பேப்பரைக் காட்டுவார்.
அதில் பொய் இல்லை.
ஆனாலும் அவர்களுக்கு ஒரு கல்பலகை
எங்களுக்கு ஒன்று என்று
மலையிலிருந்து இறங்கியதாக நினைக்க முடியவில்லை.

ஜூலையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
திருட்டுக் கம்பிகளின் பாரம் தாங்கவில்லையாம்.
நான்கு நாள் இருட்டு.
எதிர்வீட்டுத் தாண்டேகா
வெள்ளிதோறும் வரிசையில் நின்று டோக்கன் வாங்குகிறவள்.
இருபது எண்; ஒன்று தப்பினாலும் மீட்டர் ஏற்காது.
மகன் உரக்கச் சொல்லச் சொல்ல அவள் அழுத்துவது
ஜன்னல் வழியே கேட்கும்.
அவள் என் வாசலில் வந்து நின்றாள்,
இன்சுலின் குப்பிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு.
ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்றாள்.
இருந்தது.
கொடுத்தபோது என் கைதான் மரத்தது.

திங்கட்கிழமை மாநகராட்சி அலுவலகம்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்
யாரைப் பற்றிப் புகார் என்றாள்.
என் வீடு என்றேன்.
மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன்.
இழுப்பறைகளைத் திறந்து பார்த்தாள்.
புது இணைப்புக்கு இருந்தது,
பெயர் மாற்ற இருந்தது,
இறந்தவர் கணக்கை மூட இருந்தது.
தானாக வந்து சொல்கிறவர்களுக்குப்
படிவம் இல்லை.
கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள்.
பேனா எழுதவில்லை.
இன்னொன்று தந்தாள்.

டிக்கியின் பெயரை எழுதவில்லை.
அது ஒன்பதாவதைத் தொடுமா,
தெரியவில்லை.

அபராதம் ஆறாயிரத்துச் சொச்சம், தவணையில்.
கம்பத்தில் ஏறி வெட்டிவிட்டுப் போனார்கள்.
வெர்னன் ஒன்பது நாள் பேசவில்லை.
"நீ ஒருத்தி பரலோகம் போக
நாங்க எல்லாரும் பச்சைத்தண்ணியில குளிக்கணுமா?"
மகள் கேட்டாள். நியாயம்தான்.
கீழ்ப்படிந்தால் சமாதானம் வரும் என்று
சபையில் சாட்சி சொல்லுவார்கள்.
எனக்கு வந்தது பல்வலி.

நேற்றுத்தான் முதல் டோக்கன்.
நான் எண்களை வாசிக்க, வெர்னன் அழுத்தினார்.
பதினேழாவதில் தப்பு.
ஒன்றும் சொல்லாமல்
முதலிலிருந்து ஆரம்பித்தார்.
சிவப்புப் புள்ளி மினுக்கியது.

ராத்திரி கூடத்தில் காலடிச் சத்தம்.
அறை அறையாக ஸ்விட்சை அணைத்துக்கொண்டு வந்தவர்
என் தலைமாட்டு விளக்கருகே நின்றார்.
"வாசிச்சு முடிச்சிட்டியா?"
இன்னும் அரைப் பக்கம் என்றேன்.
ஸ்விட்சில் கையை வைத்தபடி
நின்றுகொண்டிருந்தார்.