நடுத்தண்டு

பஞ்சிகாவத்தையில காலமை எட்டரை.
மூண்டு வாகனம், ஒரு ஜக்,
வாங்க வந்தவ ஒராள்.
அனிஸ்டா குரூஸ், நில அளவையாளர்,
பதுளைக்கு மாற்றம், கையில கொப்பி.
"நாலு சில்லும் இழுக்க வேணும்.
நடுரோட்டில விடக் கூடாது.
வேற ஒண்டும் கேக்கேல்லை."

வேற ஒண்டும் இல்லையாம்.
இதைவிடப் பெரிசா
ஆர் ஆரிட்டைக் கேட்டிருக்கினம்?

முதலாவது கிழட்டு டீசல்.
தேவை இருந்தாலும் இல்லாட்டிலும்
நாலு சில்லுக்கும் எப்பவும் வலு போகும்,
பொரளைச் சந்தி நெரிசலிலயும்
நாலுகால் பாய்ச்சல்தான்.
நடுவில ஒரு பல்லுப்பெட்டி
ஓயாமல் பங்கு பிரிக்குது.
ஒயிலை விரலில தேய்ச்சுப் பாத்தன்:
கறுப்பு, ஆனால் நேர்மையான கறுப்பு,
இரும்புத்தூள் இல்லை.
"இது உங்களை விடாது" எண்டன்.
"டீசலடிச்ச மிச்சக்காசையும் விடாது."

அடுத்தது ஹைபிரிட்.
முன்னுக்கு என்ஜின், பின்னுக்கு ஒரு குட்டி மோட்டர்,
ரெண்டுக்கும் இடையில எலும்பே இல்லை,
செம்மஞ்சள் வயர் மட்டும்.
முன்சில்லு வழுக்கினா செய்தி போகும்,
பின்பக்கம் எழும்பி ஒரு தள்ளு தள்ளும்,
தள்ளிப்போட்டுத் திரும்பப் படுக்கும்.
கெட்டித்தனம்தான்.
பின்மோட்டரின்ர ஒயிலை இறக்கினன்:
பால் தேத்தண்ணி நிறம்.
களனி ஆறு ஏறின கிழமை
இது எங்கையோ கழுத்தளவு தண்ணியில நிண்டிருக்கு.
விக்கிற ஃபவாஸ் நானா வானத்தைப் பாத்தார்.
வானத்தில ஒண்டும் எழுதிக் கிடக்கேல்லை.

மூண்டாவது வெள்ளை.
நாலு சில்லும் இழுக்கும் எண்டு
பின்கதவில குரோம் எழுத்து மினுங்குது.
அவ ஏறி இருந்து ஸ்டியரிங்கைப் பிடிச்ச விதத்திலயே
மனம் இதிலதான் எண்டு விளங்கிட்டுது.

நான் அடியில போனன்.
முதுகுக்குப் பலகை. மூக்குக்கு நேரே
பின்சில்லுக்கு வலு புறப்படுற இடத்தில
ஒரு தகர மூடி, நாலு போல்ட்.
மூண்டு கறுப்பு, ஒண்டு வெள்ளி.
அந்த வெள்ளி போல்ட்டை எனக்குத் தெரியும்.

கப்பலும் இல்லை, டொலரும் இல்லை,
பெற்றோலுக்கு மூண்டு நாள் வரிசையில படுத்த காலம்.
நடுத்தண்டின் பெயரிங் அழுதழுது வந்தது இது.
இந்தத் தெரு முழுக்க ஏறி இறங்கினன்,
சாமான் இல்லை.
"கழட்டி வையும் தம்பி, வந்தாப் பூட்டுவம்"
எண்டார் அப்பத்தைய சொந்தக்காரர்.
கழட்டினன். முன்சில்லு ரெண்டில போனவர்
திரும்பி வரேல்லை.
தண்டு இன்னும் என்ர கராஜ் மூலையில.
சம்பத் அதில துவாய் காயப்போடுறான்.

எத்தினை மழை, எத்தினை கை மாறி,
ஒருத்தருக்கும் தெரியேல்லை.
வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு
ரெண்டு சில்லே கூட.
நாலுக்குக் காசு குடுத்தவை
ரெண்டில நிம்மதியாப் போய்வந்திருக்கினம்.

அறிக்கைத் தாளில கட்டம் மூண்டு:
நன்று, சுமார், பழுது.
இல்லாததுக்குக் கட்டம் இல்லை.

"மிஸ், பின்சில்லு சும்மா உருளுது.
நடுத்தண்டு இல்லை.
கழட்டினது நான்."

ஃபவாஸ் நானா இந்தமுறை நிலத்தைப் பாத்தார்.
அவ சிரிக்கேல்லை, ஏசேல்லை.
கொப்பியில எதையோ வெட்டினா.
"பெயரிங் இப்ப வருதோ?"
வருது. பதினெட்டாயிரம்.
"பூட்டினா ஏறுமோ?"

நாலு வருசம் வேலையில்லாமல் கிடந்த கிளச்சு.
நித்திரையோ செத்திட்டுதோ,
ஈர ஏத்தத்தில ஒருக்கா வழுக்கினாத்தான் தெரியும்.
"இஞ்ச ஏத்தம் எங்கை?"
யோசிச்சுப் பாத்தன்.
கொழும்பில எனக்குத் தெரிஞ்ச மலை
புளூமெண்டால் குப்பைமேடு ஒண்டுதான்.

"அப்ப மழை வரட்டும்" எண்டா.
உள்ளுக்க திரும்பிச் சம்பத்தைப் பாத்தன்.
அவன் துவாயை எடுத்தான்,
இன்னும் காயேல்லை எண்ட முகத்தோட.